நிலாத் தண்ணீர்: சந்திரயான்-1 விட்டுவைத்த கேள்விக்கு விமானத்திலிருந்து வந்த பதில்

நிலாவைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், கோவை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஃபார்வர்டு தவறாமல் சுற்றும். நிலாவில் தண்ணீரைக் கண்டுபிடித்ததே நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்தான் என்று அதில் இருக்கும். அதே குரூப்பில் ஒருவர் விடமாட்டார். 2020-ல் நாசா அறிவித்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, கண்டுபிடித்தது அவங்கதான் என்பார். அப்புறம் நாள் முழுக்க பஞ்சாயத்துதான்.

இரண்டு தரப்பும் பாதி சரி. மீதிப் பாதியை விளக்க ஒரு பழைய ஜம்போ விமானத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் டெலஸ்கோப்பை வெளியே காட்டும் விமானம் அது. பெயர் சோஃபியா. 2022 செப்டம்பர் 29 அன்று கடைசியாகத் தரையிறங்கியது. இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகர அருங்காட்சியகம் ஒன்றில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கிறது.

அந்த விமானத்தை நிறுத்தியது சரியா, தவறா என்பது அமெரிக்கர்களின் கணக்கு. நமக்கு அதில் வேறொரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோதவாடியிலிருந்து கிளம்பிய கேள்வி

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்தில் பிறந்தவர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர். 2008 அக்டோபர் 22-ல் விண்ணுக்குப் போன சந்திரயான்-1, 2009 ஆகஸ்ட் மாதக் கடைசியில் தொடர்பை இழந்தது. இரண்டு ஆண்டு உழைக்கும் என்று அனுப்பிய விண்கலம் ஒரு வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்து மாதங்களில் அது செய்த ஒரு வேலை போதும்.

அந்தக் கலத்தில் இஸ்ரோவின் கருவிகளோடு வெளிநாட்டுக் கருவிகளும் இருந்தன. அதில் ஒன்று நாசாவின் 'மூன் மினராலஜி மேப்பர்'. சுருக்கமாக எம்3. நிலாவின் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. கண்ணுக்குத் தெரியும் நிறங்களைத் தாண்டி, அகச்சிவப்பு என்று நாம் சொல்கிற இன்ஃப்ராரெட் பகுதியில் 3 மைக்ரான் வரை அதால் பார்க்க முடியும். 2009 செப்டம்பரில் முடிவு வெளியானது. 3 மைக்ரான் பக்கத்தில் ஒளி உறிஞ்சப்படுகிறது. அதாவது அங்கே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்து இருக்கின்றன.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் விஞ்ஞானிகள் அறிக்கையில் ஒரு 'அல்லது' இருந்தது. தண்ணீர், அல்லது ஹைட்ராக்சில். அந்த ஒரு சொல்லைத்தான் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் விட்டுவிடுகின்றன.

வித்தியாசம் என்ன? தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஹைட்ராக்சிலில் ஓர் ஆக்சிஜன், ஒரே ஒரு ஹைட்ரஜன். இரண்டிலுமே ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். அப்படி நீண்டு சுருங்கும்போது உறிஞ்சும் ஒளிதான் அந்த 3 மைக்ரான். ஆக, 3 மைக்ரானில் மட்டும் பார்த்தால் இது எது, அது எது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு கைகள் இருப்பதால், கத்தரிக்கோல் மாதிரி அவை விரிந்து மடங்கவும் செய்யும். ஒற்றைக் கை உள்ள ஹைட்ராக்சிலால் அது முடியாது. அந்தக் கத்தரிக்கோல் அசைவின் அடையாளம் 6 மைக்ரானில் விழும். அங்கே தெரிந்தால் தண்ணீர்தான். வேறு பேச்சே இல்லை.

எம்3 கருவியின் எல்லை 3 மைக்ரானோடு முடிந்துவிட்டது. சரி, பூமியிலிருந்தே ஒரு பெரிய டெலஸ்கோப்பை நிலாப் பக்கம் திருப்பி 6 மைக்ரானில் பார்த்தால் என்ன? அங்கேதான் சிக்கல். நம் காற்று முழுக்க நீராவி. நிலாவின் தண்ணீர் எந்த நிறத்தில் அடையாளம் காட்டுகிறதோ, அதே நிறத்தை நம் தலைக்கு மேலே இருக்கும் தண்ணீர் விழுங்கிவிடுகிறது.

மார்கழிக் குளிரும் மேகப் புழுக்கமும்

இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் புத்தகம் வேண்டாம். மார்கழியில் வானம் பளிச்சென்று தெளிந்து கிடக்கும் ராத்திரியில் கொங்கு மண்ணில் குளிர் நடுக்கும். அதே மாதத்தில் மேகம் மூடிய ராத்திரியில் அவ்வளவு குளிராது. பகலில் சூடான தரை ராத்திரியில் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வானம் தெளிவாக, காற்று வறண்டு இருந்தால் அதில் பெரும்பகுதி தப்பித்துப் போய்விடும். மேகமும் நீராவியும் இருந்தால் போர்வை மாதிரி தடுத்துவிடும். உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுக்கும் அதே போர்வை, வெளியேயிருந்து உள்ளே வரும் நட்சத்திர அகச்சிவப்பையும் தடுக்கும். அவ்வளவுதான்.

அகச்சிவப்பு என்றால் என்ன என்பதற்கும் கோவையில் உதாரணம் தேட வேண்டியதில்லை. பவுண்டரியில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது மஞ்சளாகக் கண் கூசும். ஆற ஆற ஆரஞ்சு, அப்புறம் அடர் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் சிவப்பும் போய்விடும். பார்த்தால் சாதாரண இரும்பு. ஆனால் கையை வைத்தால் கை போச்சு. ஒளி நிற்கவில்லை, நம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த இறங்கிய ஒளிதான் அகச்சிவப்பு. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் எதுவுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது பாதரசம் ஏறியது. அங்கிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது.

பொருள் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நீளமான அலையில் ஒளிரும். நம் உடம்பு சுமார் 10 மைக்ரானில் ஒளிர்கிறது. கொரோனா காலத்தில் மால் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த தெர்மாமீட்டர் பார்த்தது இதைத்தான். நட்சத்திரங்கள் பிறக்கும் தூசி மேகங்கள் இன்னும் குளிர்ந்தவை, மைனஸ் 240 டிகிரி மாதிரியான இடங்கள். அவை 100 மைக்ரான் பக்கத்தில் ஒளிரும். இதைத் தொலை அகச்சிவப்பு என்கிறார்கள். நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கேதான் பார்த்தாக வேண்டும். சாதாரண ஒளியில் பார்த்தால் அந்த மேகம் வெறும் கருப்புத் திட்டு.

ஊட்டியில் வைத்தால் ஆகாதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஊட்டியில் முத்தோரை பக்கம் போனவர்கள் மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் கம்பிக் கட்டுமானத்தைப் பார்த்திருப்பீர்கள். 1970-லிருந்து இயங்கும் ரேடியோ டெலஸ்கோப். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதாவது டிஐஎஃப்ஆர் கட்டியது. அந்தச் சரிவு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி இருந்ததுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். ரேடியோ அலைக்கு ஊட்டி மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. மழை கொட்டினாலும் அது வேலை பார்க்கும்.

அகச்சிவப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லடாக்கில் ஹான்லே 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட குளிரில் இருக்கிறது. அங்கே வைத்த இந்திய டெலஸ்கோப் அகச்சிவப்பின் சில ஜன்னல்கள் வழியாக நன்றாகவே பார்க்கிறது. ஆனால் 6 மைக்ரானோ 100 மைக்ரானோ அங்கும் முடியாது. மலை போதாது. இன்னும் மேலே போக வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன. விமானம், பலூன், செயற்கைக்கோள்.

கதவு திறந்த ஜம்போ

சோஃபியா ஒரு போயிங் 747எஸ்பி. வழக்கமான ஜம்போவைவிட நீளம் குறைந்த, குண்டான விமானம். 1977-ல் பான் ஆம் நிறுவனத்தின் பயணிகள் விமானமாக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு யுனைடெட் ஏர்லைன்ஸுக்குப் போய், 1997-ல் நாசாவின் கைக்கு வந்தது. பின்பக்கம் இடதுபுறத்தில் ஒரு பெரிய துளை போட்டு, அதற்குக் கதவு வைத்தார்கள். உள்ளே 17 டன் எடையுள்ள டெலஸ்கோப். கண்ணாடியின் விட்டம் 2.7 மீட்டர். டெலஸ்கோப்பைச் செய்து கொடுத்தது ஜெர்மனி. செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்கா, 20 சதவீதம் ஜெர்மனி.

கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும். சோஃபியா அதைவிடக் கொஞ்சம் மேலே, 12 முதல் 14 கிலோமீட்டர் வரை போகும். கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த உயரத்தில் பூமியின் நீராவியில் 99 சதவீதம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. போர்வையை விலக்கியாகிவிட்டது.

பறக்கும் விமானம் குலுங்காதா, கதவைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகாதா? டெலஸ்கோப் இருக்கும் அறைக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவே காற்றுப் புகாத தடுப்புச் சுவர் உண்டு. 17 டன் டெலஸ்கோப் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் உருண்டையில் உட்கார்ந்திருந்தது. விமானம் அதைச் சுற்றிக் குலுங்கும், டெலஸ்கோப் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை என்னவென்றால், டெலஸ்கோப் இடப்பக்கம் மட்டும்தான் பார்க்கும். அதனால் எந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமோ, அது இடது கைப்பக்கம் வரும்படி விமானம் போகும் திசையை மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க வானத்தில் கோணல்மாணலாக ஒரு கோலம் போட்டுவிட்டுக் காலையில் கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கும்.

2018 ஆகஸ்ட் 31 அன்று இந்த விமானம் முதன்முறையாக நிலாப் பக்கம் திரும்பியது. அதுவரை மங்கலான, தொலைதூரப் பொருள்களைப் பார்க்கவே பழகிய டெலஸ்கோப் அது. நிலா அதற்கு அளவுக்கு மீறிப் பெரிசு, அளவுக்கு மீறி வெளிச்சம். ஒரு சோதனை முயற்சியாகத்தான் செய்தார்கள். கிளேவியஸ் என்ற பெரிய பள்ளத்தை 6 மைக்ரானில் பார்த்தபோது அடையாளம் தெளிவாக விழுந்தது. கேசி ஹானிபால் தலைமையிலான குழுவின் கட்டுரை 2020 அக்டோபர் 26-ல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்தது. சூரிய வெளிச்சம் படும் நிலாத் தரையில் இருப்பது தண்ணீர் மூலக்கூறேதான் என்று அது சொன்னது. 2009-ல் சந்திரயான்-1 தரவில் இருந்த 'அல்லது' அந்த இடத்துக்கு நீங்கியது.

எவ்வளவு தண்ணீர்? ரொம்ப ஆசைப்பட வேண்டாம். ஒரு கனமீட்டர் மண்ணில் ஒரு சின்ன குளிர்பான பாட்டில் அளவு. சகாரா பாலைவன மண்ணில் இதைப்போல 100 மடங்கு இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றை அப்படியே நிலாவில் கொண்டுபோய் இறக்கினாலும் புகைதான் வரும். ஆனாலும் காற்றே இல்லாத, வெயில் சுட்டெரிக்கும் தரையில் இவ்வளவாவது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஞ்ஞானிகளின் ஆச்சரியம்.

ஆக, பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு இது. நிலாத் தரையில் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு பரவலாக இருப்பதைக் காட்டியது சந்திரயான்-1 சுமந்து போன நாசா கருவி. அதில் மூலக்கூறுத் தண்ணீரும் உண்டு என்று உறுதி செய்தது சோஃபியா. ஒன்று இல்லாமல் இன்னொன்று இல்லை. நம்ம ஊர்க்காரர் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு கேள்வியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் பெரிய வேலைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பதிலைச் சொல்ல அப்போது வேறு ஆள் இல்லை என்பது. புகழ்பெற்ற ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பால் நிலாவைப் பார்க்கவே முடியாது. சூரியன், பூமி, நிலா மூன்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அது நிற்கிறது. முகத்தைத் திருப்பினால் சூடு பட்டுக் கருவி கெட்டுவிடும்.

காவலூரும் அதே இரவில் விழித்திருந்தது

பறக்கும் டெலஸ்கோப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் இதற்கு முன்பே ஒரு தொடர்பு இருக்கிறது. பலருக்குத் தெரியாத கதை இது.

சோஃபியாவுக்கு முன்னோடி, கைப்பர் வான் ஆய்வகம். ராணுவச் சரக்கு விமானம் ஒன்றில் 91 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பைப் பொருத்தி 1974 முதல் 1995 வரை நாசா ஓட்டியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போக இருந்தது. அந்த நிழல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் விழும். கடலில் எங்கே போய் டெலஸ்கோப் வைப்பது? விமானத்தை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிளப்பிக்கொண்டு போனார்கள், ஜேம்ஸ் எலியட் குழுவினர். மறைப்பு நேரம் துல்லியமாகத் தெரியாததால் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு அரை மணி நேரத்துக்கும் முன்னாலேயே நட்சத்திரம் மினுக் மினுக்கென்று மங்கி மங்கித் தெளிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

அதே இரவில் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் 1 மீட்டர் டெலஸ்கோப்பும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திரம் சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று என்று நினைத்து நேச்சர் இதழில் எழுதினார்கள். பிறகு பார்த்தால் அது வளையம். அந்த ஆண்டே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து, யுரேனஸைச் சுற்றி இருப்பது சனிக்கோளுக்கு இருப்பதைப்போன்ற வளைய அமைப்பு என்று தங்கள் பதிவை மறுபடி ஆராய்ந்து எழுதினார்கள்.

இந்தக் கதையில் அகச்சிவப்புக்குப் பெரிய பங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடலாம். விமானம் ஜெயித்தது வேறு காரணத்தால். நிழல் எங்கே விழுகிறதோ அங்கே போக அதற்குக் கால் இருந்தது. காவலூருக்கு இல்லை. அதையும் மீறி ஒரு மலைக்கிராமத்துக் கூடம் அந்தக் கண்டுபிடிப்பில் தன் பங்கைப் பதிவு செய்தது என்றால், சரியான நேரத்தில் சரியான இடத்தில் ஆள் விழித்திருந்தார்கள் என்று அர்த்தம்.

நம்மிடம் விமானம் இல்லை, பலூன் இருக்கிறது

இந்தியா அகச்சிவப்பு வானியலுக்கென்று விமானம் வாங்கவில்லை. வாங்கத் தேவையும் இருக்கவில்லை. ஐதராபாத்தில் டிஐஎஃப்ஆரின் பலூன் தளம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்குகிறது. கடையில் தரும் கேரி பேக்கைவிட மெல்லிசான பாலிஎத்திலீன் தாளில் ராட்சத பலூன் செய்து, ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பி, கருவிகளைக் கட்டி மேலே அனுப்புவார்கள். 30 கிலோமீட்டருக்கும் மேலே போகும். சோஃபியா போன உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே நீராவித் தொல்லை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

1 மீட்டர் விட்டமுள்ள தொலை அகச்சிவப்பு டெலஸ்கோப்பை டிஐஎஃப்ஆர் விஞ்ஞானிகள் 1980-களிலிருந்து இப்படிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அதன் உணரிகளைத் திரவ ஹீலியத்தால் 0.3 கெல்வின் வரை குளிர்விக்க வேண்டும். அதாவது மைனஸ் 272.85 டிகிரி. உணரியே சூடாக இருந்தால் அதுவே அகச்சிவப்பாக ஒளிர்ந்து, வானத்திலிருந்து வருவதை அமுக்கிவிடும். பட்டப்பகலில் மின்மினியைத் தேடின கதையாகிவிடும். 1999 வாக்கிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானிகளின் நிறமாலைக் கருவியையும் அதே டெலஸ்கோப்பில் பொருத்தி, அயனியான கார்பன் 158 மைக்ரானில் விடும் ஒளியை வரைபடமாக்கினார்கள். நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் எங்கே சூடேறுகிறது, எங்கே ஆறுகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும் ஒளி அது. அந்தப் பதிவுகளிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள் 2020-களிலும் வந்துகொண்டிருக்கின்றன.

பலூனில் ஆபத்தும் உண்டு, சங்கடமும் உண்டு. ஓர் இரவுதான் கிடைக்கும். வேலை முடிந்ததும் ரேடியோ கட்டளையால் கயிற்றை அறுத்துப் பாராசூட்டில் இறக்குவார்கள். அது யார் தோட்டத்தில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பலூன் சீசன் வந்தால், வயலில் ஏதாவது விழுந்தால் தொடாதீர்கள், தகவல் சொல்லுங்கள் என்று தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா மாவட்டங்களுக்கு அறிவிப்பு வரும். நம் வாசகர்கள் யாராவது வேலைக்காக ஐதராபாத் பக்கம் இருந்தால், அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியைப் பார்த்திருக்கலாம். ஏலியன் வண்டி இறங்கிவிட்டது என்று ரீல்ஸ் போடுவதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கணக்கு எங்கே இடிக்கிறது

சோஃபியாவை ஏன் நிறுத்தினார்கள்? காசு. வருஷத்துக்கு சுமார் 8.5 கோடி டாலர். 2022 மதிப்பில் ஏறக்குறைய 680 கோடி ரூபாய். சந்திரயான்-1 திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவே 386 கோடி ரூபாய் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் தலை சுற்றும். இவ்வளவு செலவுக்கு ஈடான அறிவியல் வரவில்லை என்று அமெரிக்க வானியலாளர்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கையே சொன்னது. 2022 ஏப்ரலில் நாசாவும் ஜெர்மனியும் முடிவை அறிவித்தன. முழு வீச்சில் பறக்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கணக்குப்பிள்ளை பார்வையில் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது என்றே நினைக்கிறோம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஜேம்ஸ் வெப் 28 மைக்ரானோடு நின்றுவிடும். தொலை அகச்சிவப்பில் கடைசிப் பெரிய விண்வெளி டெலஸ்கோப்பான ஹெர்ஷல் 2013-லேயே ஓய்ந்துவிட்டது. அடுத்ததாக நாசா 2024 அக்டோபரில் சுருக்கப்பட்டியலில் வைத்த இரண்டு திட்டங்களில் ஒன்று தொலை அகச்சிவப்புக்கானது. அது தேர்வானாலும் விண்ணுக்குப் போவது 2032. நட்சத்திரங்கள் பிறக்கும் அலைவரிசையில் ஒரு முழுத் தலைமுறை ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கண் இல்லை.

இந்த இடைவெளியில் பலூன் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் வந்துவிட்டது. நாசாவின் கஸ்டோ பலூன் 2023 டிசம்பர் 31-ல் அண்டார்டிகாவிலிருந்து கிளம்பி 57 நாட்கள் பறந்தது. அது பார்த்ததும் அதே 158 மைக்ரான் கார்பன் ஒளியைத்தான். நம் ஐதராபாத் டெலஸ்கோப் கால் நூற்றாண்டுக்கு முன்பே பார்க்கத் தொடங்கிய ஒளி.

இன்னொரு விஷயம் எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஜேம்ஸ் வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ கழன்றால் போய் முடுக்க ஆள் இல்லை. விமானமும் பலூனும் அப்படியல்ல. கருவி திரும்பி வரும். கழற்றலாம், பார்க்கலாம், மாற்றலாம், மறுபடி அனுப்பலாம். அதாவது கைவேலை கற்றுக்கொள்ளலாம். தப்பு செய்யவும் இடம் உண்டு. பட்டறையில் தொழில் பழகியவர்களின் ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவருக்கு விண்வெளி என்றால் ராக்கெட், செயற்கைக்கோள், அதற்கடுத்து இஸ்ரோ நுழைவுத் தேர்வு. நடுவில் வேறு வாசல் இருப்பதே பலருக்குத் தெரியாது. நுட்பமான கண்ணாடித் தாங்கி, மைனஸ் 270 டிகிரியில் விரிசல் விடாத உலோகப் பாகம், காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் கூண்டிலிருந்து நட்சத்திரத்தைக் குறிதவறாமல் பிடிக்கும் மோட்டார் கட்டுப்பாடு இவையெல்லாம் வானியல் பிரச்சினைகள் மட்டுமல்ல, எந்திரவியல் பிரச்சினைகள். மோட்டாரும் வார்ப்பும் சிஎன்சி எந்திரமும் இந்த ஊரின் அன்றாடப் பேச்சு. விண்வெளிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை ஒன்று, சேலம் இன்னொன்று.

தமிழ்நாடு அரசு 2025-ல் விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு இலக்கு. அது பற்றிய மேடைப் பேச்சுகளில் ஏவுதளமும் செயற்கைக்கோளும்தான் காதில் விழுகின்றன. பலூன் காதில் விழவில்லை. கொங்குப் பகுதிக் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மாணவர் கருவியை ஐதராபாத் பலூனில் ஏற்ற டிஐஎஃப்ஆரோடு மாநில அரசே ஓர் ஒப்பந்தம் போடலாம். செலவு, ஒரு மாநாட்டுப் பந்தல் செலவுக்குள் அடங்குமா என்று அரசு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். முதல் கருவி அகச்சிவப்பு டெலஸ்கோப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. காற்றில் எந்த உயரத்தில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று அளக்கும் சின்னப் பெட்டியாக இருக்கட்டும். அதுவே வானிலை ஆட்களுக்கும் உதவும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி விதைக்கும் விவசாயிக்கும் உதவும்.

கருவியைக் கட்டும் மாணவர் அது இறங்கிய வயலுக்குப் போய், விவசாயியிடம் விளக்கம் சொல்லி, நசுங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அந்தப் பயணச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.